மாடி அறையில் ஸ்டார்ட்டர் சிக்னல்

அந்த எஞ்சின் வீட்டுக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம் நான் மனுஷனாகவே இல்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொன்ன வார்த்தை இதைவிடக் காரமானது. அச்சில் வரக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

எஞ்சின் ஒரு சாண் நீளம்தான். நிஜ மின்சார எஞ்சினை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாதிரி. நிஜ எஞ்சினை ஓட்டுகிறவர் என் அக்காவின் கணவர். பாவா என்று கூப்பிடுவேன். அரக்கோணத்தில் லோகோ பைலட்டாக இருக்கிறார், அறுபது வயது முடிந்து ஓய்வு பெறப் போகிறார். நான் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவன். என் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே அடுப்புதான். விடியும் முன்னே மலையேறினால் உச்சிக்கால நைவேத்தியம் முடித்துவிட்டு மதியம் இறங்குவேன். அதற்கு மேல் மொட்டை மாடி அறை, ரயில், எரிச்சல்.

ஆனால் நான் அடுப்புக்குப் போயிருக்க வேண்டியவன் இல்லை. பாவாவும் நானும் ஐடிஐயில் ஒன்றாக எலக்ட்ரீஷியன் படித்தோம். ரயில்வே தேர்வை ஒரே நாளில் எழுதினோம், இரண்டு பேரும் தேறினோம். அப்புறம் சென்னையில் மருத்துவப் பரிசோதனை. அங்கே ஒரு புத்தகம் காட்டுவார்கள். பக்கம் முழுக்கப் பல நிறத்தில் புள்ளிகள், அதற்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டும். எனக்கு நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ஐடிஐயில் எந்த வயர் சிவப்பு, எந்த வயர் பச்சை என்று காதோரம் சொல்கிறவனே அவன்தான். (அப்போது அவன் பாவா ஆகவில்லை.) எனக்கு முன்னால் அவன் உள்ளே போய்விட்டு வந்தான். "இன்னா நம்பர்டா கேட்டாங்க?" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னான்.

போய்ப் பார்த்தேன். புள்ளிதான் தெரிந்தது. மருத்துவர் மூன்று பக்கம் புரட்டிவிட்டு ஏதோ எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவன் வேலைக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து என் அக்காவைக் கட்டிக்கொண்டு பாவா ஆனார். மரியாதை கூடியது, பேச்சு குறைந்தது. அந்த எண்களைச் சொல்லியிருந்தால் நானும் இன்றைக்கு எஞ்சினில் இருப்பேன் என்ற வயிற்றெரிச்சல் முப்பத்தைந்து வருஷமாக எனக்குள் இருந்தது. எரிகிற சிக்னல் விளக்கும் வெளுத்துப்போன புள்ளிப் புத்தகமும் ஒன்றா? விளக்கு எரிந்தால் எவனுக்குத்தான் தெரியாது? இதைக் குளிக்கும்போதும் கேட்டுக்கொள்வேன், பொங்கல் கிண்டும்போதும் கேட்டுக்கொள்வேன். பாவாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்த பாவா காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "மச்சானுக்கும் அன்னிக்கி வேல கெடச்சிருந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா ரிட்டயர் ஆயிருப்போம்."

பாவம் பார்த்துச் சொன்னார். அதுதான் எனக்கு ஆகவில்லை. "எம் மாடிலயே ஒரு ரயிலு ஓட்டிக் காட்றேன், வந்து பாருங்க பாவா" என்று வாயை விட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஆங், ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம வரேன்" என்றார். அவர் சீருடையைக் கழற்றுவதற்குள் அவர் கண் முன்னால் ஒரு ரயிலைப் பிசகில்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். என்னாலும் முடிந்திருக்கும் என்று அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகத்தான் மூன்று மாதம் வீட்டில் எல்லாரையும் கடித்துக் குதறினேன்.

பழைய பொம்மை ரயில் எனக்குத் தெரியும். திருகைத் திருப்பினால் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும், எஞ்சின் ஓடும். இப்போதெல்லாம் அப்படி இல்லை, எல்லாம் டிஜிட்டல். தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் முழுசாக இருக்கும். கட்டளையும் அதோடு கலந்து போகும். எஞ்சினுக்குள் ஒரு சின்ன சிப், அதற்கு ஓர் எண். அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கட்டளை போட்டால் அது மட்டும் நகர வேண்டும். மடப்பள்ளியில் ஆறு பேர் நிற்கும்போது ஒருவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் மட்டும் திரும்புவதைப் போல. இது வரைக்கும் எனக்கு விளங்கியது.

விளங்காமல் போனது, கடையிலிருந்து வரும் எல்லா எஞ்சினுக்கும் பெயர் ஒன்றே என்பது. எல்லாமே மூன்றாம் எண். நான் பழசாக இன்னொரு எஞ்சினும் வாங்கியிருந்தேன், சரக்கு வண்டிக்கு. இரண்டையும் தண்டவாளத்தில் எதிரெதிராக வைத்து மூன்றைக் கூப்பிட்டேன். இரண்டும் கிளம்பின. நேருக்கு நேர் வந்து முட்டிக்கொண்டு, அப்புறமும் விடாமல் தள்ளிக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டு மனைவி கீழேயிருந்து, "இன்னாங்க ஒடஞ்சிச்சி?" என்றாள். "ஒண்ணும் ஒடயல, நீ வேலயப் பாரு" என்றேன். முன் பக்கத்துக் கொக்கி உடைந்திருந்தது.

சரி, ஒன்றுக்கு எண்ணை மாற்றலாம் என்று கையேட்டைப் பிரித்தேன். வேறு எந்த பாஷையிலிருந்தோ இங்கிலீஷுக்குப் போய், வழியில் பாதி தொலைந்துபோன கையேடு. அதைப் பார்த்து முதல் எஞ்சினுக்குப் பதினான்கு என்று எழுதினேன். மூன்றைக் கூப்பிட்டேன், எதுவும் அசையவில்லை. பதினான்கைக் கூப்பிட்டேன், இரண்டும் கிளம்பின. எண் எழுதும்போது மற்ற எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். கையேட்டில் அது இருந்தது, நாற்பதாம் பக்கத்தில். இதை முதல் பக்கத்தில் போடாதவனை என் கையில் கிடைத்தால் நான் சும்மா விடமாட்டேன்.

அடுத்தது வேகம். சிப்புக்குள் எண் அறைகள் இருக்கின்றன. ஓர் அறையில் எழுதும் எண், எஞ்சின் எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். இன்னொன்று எவ்வளவு மெதுவாக நிற்க வேண்டும் என்று சொல்லும். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு மிளகு என்று யாராவது கேட்டால் நான் உள்ளங்கையைத்தான் காட்டுவேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அதே கையோடு இங்கேயும் போட்டேன். பத்து போதவில்லை, ஐம்பது போடு. ஐம்பதும் போதவில்லை, இருநூறு போடு. எஞ்சின் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு நகர்ந்தது. வேகம் எடுத்தது. திருகைப் பின்னால் திருப்பினேன், நிற்கவில்லை. நிற்கும் அறையிலும் இருநூறு எழுதியிருந்தேன். பெட்டிகள் மூன்றையும் இழுத்துக்கொண்டு, பிளாட்பாரத்தைத் தாண்டி, நான் தண்டவாளம் இன்னும் போடாத மூலையில் போய்ப் பலகையிலிருந்து குதித்தது. நல்ல வேளையாகக் கீழே சாக்குப்பை இருந்தது. மடப்பள்ளியில் உப்பு கூடினால் கொஞ்சம் அரிசி சேர்த்துச் சரிக்கட்டலாம். இங்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பிறந்த குழந்தையாக்கி, மறுபடி மூன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான்கு தடவை ஆரம்பித்தேன்.

ஒருவழியாக எண்கள் சரியாயின. அப்போது ஒரு புது வியாதி வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று திக்கும், நிற்கும், விரலால் தட்டினால் கிளம்பும். ஒரு சுற்றுக்கு ஏழெட்டுத் தடவை. வயர்களைப் பிரித்தேன், சேர்த்தேன். தண்டவாள இணைப்புகளை எல்லாம் மறுபடி பற்றவைத்தேன். ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் பட்டு இரண்டு விரல் பொத்துப்போய், மறுநாள் மலையில் அண்டாவைப் பிடிக்க முடியாமல் அவஸ்தைப்பட்டேன். வீடியோவில் பேசும் வெளிநாட்டுக்காரர் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைத் தூக்கிக் கட்டிலில் எறிவேன். தரையில் எறியுமளவுக்குத் தைரியம் இல்லை.

இதற்கு நடுவில் கேமராவும் ஒன்று வாங்கியிருந்தேன், பழையதுதான். மாடி அறையின் ஜன்னலில் மலை நேராகத் தெரியும். கோபுரம், படிக்கட்டு, வாகனங்கள் ஏறும் சாலை எல்லாம். ஜன்னலை ஒட்டிப் பலகை போட்டு, எங்கள் ஊர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தை அட்டையில் செய்து வைத்திருந்தேன். பிளாட்பாரத்தில் ரயில், பின்னால் நிஜ மலை. அப்படி ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நிஜம் என்று நினைத்து எல்லாரும் வாயைப் பிளக்க வேண்டும் என்பது திட்டம்.

மலை தெளிவாக விழுந்தால் எஞ்சின் கலங்கியது. எஞ்சின் தெளிவாக விழுந்தால் மலை பஞ்சு மூட்டையானது. எஞ்சினிலேயே மூக்கு தெளிவாக இருந்தால் வால் கலங்கியது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்ம மாரியே கீது" என்றாள். பொம்மைதானே, வேறு எப்படி இருக்கும் என்று கத்தினேன். ஆனால் அவள் சொன்னது சரி. நான் நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்திருந்தேன். ஒரு ரயிலை அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் பனைமரத்தில் ஏறித்தான் பார்க்க வேண்டும். பிளாட்பாரத்தில் முக்கால் அங்குல உயரத்தில் ஓர் ஆள் நின்றால் அவன் கண் எங்கே இருக்குமோ, அங்கே கேமராவை இறக்க வேண்டும். இறக்கினேன். லென்ஸின் வாயை ஊசித் துளைபோலச் சுருக்கி, ஸ்டாண்டில் வைத்து, நாலு விநாடி திறந்துவைக்க வேண்டும். அந்த நாலு விநாடியில் ஃபேன் ஓடக்கூடாது, பலகை அதிரக்கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஃபேனை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். சரியாக மூன்றாவது விநாடியில் கீழே தெருவில் லாரி போகும்.

அப்படி ஒருநாள் எஞ்சினின் சக்கரத்துக்குக் கிட்டே போய் எடுத்த படம் அருமையாக விழுந்தது. முதல் நல்ல படம். மனைவியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்டினேன். அவள் சக்கரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, சக்கரம் பூரா குங்குமம் அப்பிகினு கீதே?"

எனக்கு அந்த இடத்தில் அழுக்குப் பழுப்புதான் தெரிந்தது. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் ஊரில் புதுச் சைக்கிள் வாங்கினாலும் பூஜை போடாமல் ஓட்டமாட்டோம். எஞ்சின் வந்த அன்றைக்கே அதைத் தூக்கில் வைத்து மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டவன் நான்தான். மலையில் தரும் சந்தனத்தை நாங்கள் பூசுவதில்லை, கரைத்துக் குடிப்போம். அதனால் கடைச் சந்தனத்தைக் குழைத்து எட்டு இடத்தில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். சக்கரத்தில் ஏற்ற எலுமிச்சம்பழம் எஞ்சின் உயரத்துக்கு இருந்ததால் ஒரு துண்டு நறுக்கித் தண்டவாளத்தில் வைத்து ஏற்றினேன். அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை தவறாமல் புதுச் சந்தனம், புதுக் குங்குமம். டிஜிட்டலில் கட்டளை சக்கரம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நான் ஆறு வாரமாக வாரா வாரம் அந்த வழியை அடைத்துவிட்டு, சனிக்கிழமை உட்கார்ந்து வயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எஞ்சின் திக்காமல் ஓடியது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அவ்ளோ செவப்பா கீது, உங்க கண்ணுக்குத் தெரிலியா?" என்று மனைவி கேட்டது காதிலேயே நின்றது. "வெளிச்சம் சரியில்ல" என்று சொல்லி அவளைக் கீழே அனுப்பினேன்.

பாவா போன் செய்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாக்கி இருந்தது ஒன்றுதான். பிளாட்பாரத்தின் முனையில் ஸ்டார்ட்டர் சிக்னல். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பலாம் என்று சொல்கிற விளக்கு அது. அது இல்லாமல் ரயிலைக் கிளப்பினால் பாவா மதிக்கமாட்டார். ஒரு கம்பத்தில் இரண்டு சின்ன எல்ஈடி பல்புகள், பச்சை மேலே, சிவப்பு கீழே, ஒரு சுவிட்ச். பல்பு அரிசி மணி அளவுதான். எரியாதபோது எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கண்ணாடி. பேட்டரியில் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மனைவி பொதட்டூர்பேட்டையில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. சந்தேகம் இருந்தால்தானே கேட்பதற்கு? ஒன்று கொஞ்சம் வெளிறி எரிந்தது, ஒன்று கொஞ்சம் அழுத்தமாக எரிந்தது. இது பச்சை, இது சிவப்பு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எரிகிற விளக்குதானே. பற்றவைத்து, கம்பத்தை நட்டு, சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிய, எஞ்சின் பிளாட்பாரத்திலிருந்து புறப்படுகிற மாதிரி நிறுத்தி, பின்னால் மலையோடு படம் எடுத்தேன். மூக்கிலிருந்து வால் வரை, கோபுரம் வரை, எல்லாம் தெளிவு. லாரியும் வரவில்லை. 'திருத்தணியிலிருந்து புறப்படுகிறது' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். கை கூப்பிய பொம்மைகளும் கட்டை விரல்களும் குவிந்தன. அக்கா, 'நெஜமா நம்ம ஊருதானா?' என்று கேட்டிருந்தாள். பாவா பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. பதில் போடவில்லை. பொறாமையோ என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மடப்பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தேன். காலை பத்து மணிக்குப் பாவா தனியாக வந்தார். அக்காவை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டதற்கு, "அப்புறமா வருவா" என்றார். மாடிக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையை முழுசாக ஒரு சுற்றுப் பார்த்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். சிக்னல் கம்பத்திடம் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ லோகோ பைலட். நா அசிஸ்டென்ட்டு. சிக்னல் சொல்லி எடு" என்றார்.

எஞ்சினில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள் என்று அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒருவர் கையை நீட்டி நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவரும் தன் கண்ணால் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வண்டி நகரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் இதைச் சொல்லாமல் ஒரு சிக்னலைத் தாண்டியதில்லை. என்னை லோகோ பைலட் என்று அவர் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. கையை நீட்டினேன்.

"ஸ்டார்ட்டர், பச்சை" என்றேன்.

அவர் திருப்பிச் சொல்லவில்லை. பொம்மை ரயில்தானே என்று விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு திருகைத் திருப்பினேன். எஞ்சின் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு கிளம்பியது. மூன்று மாதத்தில் அவ்வளவு அழகாக அது ஒருநாளும் கிளம்பியதில்லை. சிக்னலைத் தாண்டுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது பாவாவின் கை என் கைக்கு மேலாக வந்து கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்த அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியது. எஞ்சின் அப்படியே நின்றது.

"செவப்பு, மச்சான்" என்றார்.

"இன்னா பாவா, பச்ச தானே?"

"செவப்பு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. எழுந்துபோய்ப் படியருகே நின்று மனைவியைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இது இன்னா கலர்?" என்றேன்.

"செவப்பு. ஏன்?"

சுவிட்சை மாற்றிப் போட்டேன். "இது?"

"பச்ச. இன்னாத்துக்கு இதெல்லாம் கேட்டுகினு? அடுப்புல தோச கருவுது" என்று இறங்கிப் போனாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவிட்சை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போட்டுப் பார்த்தேன். மேலே ஒன்று எரிந்தது, கீழே ஒன்று எரிந்தது. எது எது என்று இன்னும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் என்னைப் பயமுறுத்தியது. கொஞ்சமாவது குழம்பியிருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். மருத்துவர் மூன்றே பக்கத்தில் கண்டுபிடித்ததை நான் முப்பத்தைந்து வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை.

"நேத்து போட்டோலயே பாத்துட்டீங்க" என்றேன்.

"ஆங்."

"அதுலயே சொல்லிருக்கலாம்ல?"

"அத்தன பேரும் படிப்பாங்க. அதான் வந்தேன்."

கேட்டுவிட்டேன். எத்தனையோ கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். "அன்னிக்கி நம்பர் சொல்லாம போனது இதுக்குத்தானா?"

பாவா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"ஐடிஐல வயரு கலரு நாந்தான் உனுக்குச் சொல்லுவேன். வண்டில யாரு சொல்லுவா? நம்பர் எல்லாம் எனுக்கு ஞாபகம் இருந்திச்சி. சொல்லலாம்னுதான் வெளிய வந்தேன். ஒங்கம்மா மாசாமாசம் அரக்கோணத்துல ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்கினு இருந்தாங்க இல்ல, அது நெனப்பு வந்திச்சி. சொல்லல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ ஒருநாள் கேப்பன்னு பாத்துகினே இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. முப்பத்தைந்து வருஷமாக ஒரு மனுஷனை உள்ளுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டுவதற்கு இருந்த ஒரே காரணமும் அந்தக் காலையில் என் பலகையிலேயே, நான் பற்றவைத்த விளக்கிலேயே போய்விட்டது. இனிமேல் யாரைத் திட்டுவது? கண்ணைத் திட்ட முடியுமா? என்னாலும் முடிந்திருக்கும் என்று அவர் சொல்ல வேண்டுமென்று காத்திருந்தவன், அவர் அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன்.

இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் பற்றவைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எந்த வயர் எங்கே என்று அவர் சொன்னார், நான் சூட்டுக்கோலைப் பிடித்தேன். கீழேயிருந்து தோசை சாப்பிடக் குரல் வந்தது. வருகிறோம் என்று சொல்லிவிட்டு, பாவா எஞ்சினை விரலால் மெதுவாகப் பின்னால் தள்ளிப் பிளாட்பாரத்தில் நிறுத்தினார்.

"இப்ப எடு. சிக்னல நா சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு" என்றார்.

சுவிட்ச் அவர் பக்கம் இருந்தது. "ஸ்டார்ட்டர், பச்சை" என்று கையை நீட்டினார். "பச்சை" என்று சொல்லி எடுத்தேன். எஞ்சின் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னலைத் தாண்டி, மறுபடி பிளாட்பாரத்துக்குள் வந்தது. பாவா சுவிட்சை மாற்றிப் போட்டார், நான் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே பச்சைதான் எரிந்தது.

"ஸ்டார்ட்டர், செவப்பு" என்றார்.

"சிவப்பு" என்று சொல்லி வண்டியை நிறுத்தினேன்.